அலுமினியம் ரேப்பில் ஒரு தொடுதிரை

அக்காவின் மகள் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். கொள்ளளவிப் பாடம் (கொள்ளளவி மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும், எவ்வளவு தேக்கும் என்பது அதன் கொள்ளளவம்) நடந்துகொண்டிருந்த கிழமையில் தன் ரப்லெற்றையும் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொண்டுவந்தாள். ரப்லெற்றின் திரையில் குறுக்காக இரண்டு பட்டைகள் செத்துப்போயிருந்தன. ஒன்று நடுவில். மற்றது அடியில், கீபோர்ட்டின் ஸ்பேஸ் பார் வருகிற இடத்தில். கேள்வி இது:

"மாமா, திரையில விரல் வைச்சா கொள்ளளவம் கூடுமோ குறையுமோ? ரியூசன் சேர் கூடும் எண்டவர். யூரியூப்பில ஒராள் குறையும் எண்டுறார்."

இரண்டு பேரும் சரி என்று வாயால் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் மேசை லாச்சிக்குள் புரோகிராம் எழுதி ஓட்டக்கூடிய சின்ன மின்சுற்றுப் பலகையான ஆர்டுயினோ ஊனோ போர்ட் ஒன்று சும்மா கிடந்தது, அவளுக்கும் பள்ளிக்கூட விடுமுறை. ரப்லெற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தொடுதிரை ஒன்றை நாங்களே செய்து அளந்து பார்ப்போம் என்று தொடங்கினோம்.

ரவுனில் போன் திருத்துகிற அண்ணை ஒருவரை எனக்குத் தெரியும். பழசு எதையும் எறியமாட்டார். வெடித்த ரச் கிளாஸ்கள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார்.

"உடைஞ்சதை வைச்சு என்ன தம்பி செய்யப்போறீர்?"

"பிள்ளைக்கு உள்ளுக்கு என்ன இருக்கெண்டு காட்டத்தான் அண்ணை."

"அப்ப இதையும் கொண்டுபோம்" என்று பழைய கார் செட் ஒன்றிலிருந்து கழற்றிய திரையையும் தந்தார். "இது வேற சாதி. நகத்தால அமத்தினாத்தான் கேக்கும்."

அந்தக் கார் செட் திரையில்தான் முதலில் கை வைத்தோம். அமத்தினால் லேசாக உள்ளே போகும் பிளாஸ்ரிக் மேற்பரப்பு, வாலில் நான்கு கோடுகள். உள்ளே இரண்டு தகடுகள் உண்டு. இரண்டிலும் இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டு என்ற, ஒளி ஊடுருவும் ஆனால் மின் கடத்தும் பூச்சு. தகடுகள் தானாக ஒட்டாதபடி இடையில் கண்ணுக்குத் தெரியாத பொட்டுகள். மல்ரிமீற்றரை வைத்தால் நான்கு கோடுகளும் இரண்டு சோடியாகப் பிரிந்துவிடும்: ஒரே தகட்டின் இரண்டு ஓரங்களுக்கு இடையில் சில நூறு ஓம், வேறு வேறு தகடுகளுக்கு இடையில் ஒன்றுமே இல்லை. அமத்தும்போது மட்டும் எண் வரும்.

பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்த அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. ஆய்வுகூடத்தில் அழுத்தமானிக் கம்பி ஒன்றை நீட்டி வைத்து, நீளத்தோடு வோல்ற்றளவு சீராக இறங்குவதை அளந்திருக்கிறாள். இந்தத் தகடு அகலமாக விரித்த அதே கம்பிதான். ஒரு தகட்டின் இடது ஓரத்துக்கு 5 வோல்ற், வலது ஓரத்துக்குச் சுழியம் கொடுத்தோம். மற்றத் தகட்டை ஆர்டுயினோவின் அனலொக் முனையில் மாட்டினோம். அமத்திய இடத்தில் இரண்டு தகடுகளும் தொடுகின்றன. அந்த இடத்து வோல்ற்றளவை மேல் தகடு எடுத்து வருகிறது. பிறகு வேலையை மாற்றி, மேல் தகட்டுக்கு மேலும் கீழுமாக வோல்ற்றளவு, கீழ்த் தகடு அளவுகோல். இரண்டு வாசிப்பு, ஒரு புள்ளி.

அனலொக் முனைக்கு வருகிற 0 முதல் 5 வரையான வோல்ற்றளவை ஊனோ 0 முதல் 1023 வரை எண்ணாகச் சொல்லும். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இழுத்தபோது முழு வீச்சும் கிடைக்கவில்லை. இரு ஓரத்திலும் கொஞ்சம் கொஞ்சம் பறிபோனது. ஓரத்து வெள்ளிப் பட்டைகளுக்கும் ஆர்டுயினோவின் முனைகளுக்கும் சொந்தத் தடை இருக்கிறது. சில நூறு ஓம் தகட்டோடு தொடராக நிற்கும்போது அவையும் பங்கு கேட்கும். இதற்குத்தான் பழைய கருவிகளில் திரையின் மூலைகளை ஒவ்வொன்றாகத் தொடச் சொல்லிக் கேட்பார்கள். மூன்று புள்ளிகள் தெரிந்தால் நகர்வு, நீட்சி, சரிவு எல்லாவற்றையும் ஆறு எண்களுக்குள் அடக்கிவிடலாம். ஒரேநேரத்தில் இரண்டு இடத்தை அமத்தினால் புள்ளி இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ போய் நிற்கிறது. படத்தை இரண்டு விரலால் விரிக்கிற வேலை இதில் நடக்காது.

அவ்வளவுதான், ஒரு மாலையோடு முடிந்தது. உண்மையான வில்லங்கம் அடுத்ததில்.

படம் பிறேம் போடுகிற கடையில் வெட்டித் துண்டாகக் கிடந்த 3 மி.மீ. கண்ணாடி. ஏசி வேலை செய்பவர்கள் குழாய்க்கு ஒட்டுகிற அலுமினியம் ரேப். பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டருக்குப் பாவித்த ஒளி ஊடுருவும் தாள்கள். செப்பு ரேப் கிடைத்திருந்தால் வயரை ஈயத்தால் ஒட்டியிருக்கலாம். அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது. ரேப்பின் பசைப் பக்கமும் மின் கடத்தாது. அதனால் வயரின் தும்பை ரேப்பின் மேல்பக்கத்தில் படுக்க வைத்து, உடுப்புக் காயப்போடுகிற பிளாஸ்ரிக் கிளிப்பால் கண்ணாடியோடு சேர்த்துக் கவ்வினோம். பார்க்க வடிவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்காமல் நின்றது.

திட்டம் இப்படி: கண்ணாடியில் கிடையாக நான்கு பட்டைகள், அவற்றின் மேல் ஒரு தாள், தாளின் மேல் நிலைக்குத்தாக நான்கு பட்டைகள், அதற்கும் மேல் இன்னொரு தாள். பட்டைகள் எங்கேயும் ஒன்றையொன்று தொடாது. ஆனால் 16 இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று கடக்கும். ஒவ்வொரு கடவையும் ஒரு குட்டிக் கொள்ளளவி. கிடைப் பட்டைகளில் துடிப்பு அனுப்புவோம், நிலைக்குத்துப் பட்டைகளில் எவ்வளவு வந்து சேருகிறது என்று கேட்போம். போனுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். அனுப்பும் கோடுகள், கேட்கும் கோடுகள்.

முதலில் 5 மி.மீ. அகலப் பட்டைகளை நேராகவே ஒட்டினோம். விரல் வைத்தால் எண் அசையவே மாட்டேன் என்றது. காரணத்தை அவளே கொப்பியில் கணக்குப் போட்டுப் பிடித்தாள். கடவையின் பரப்பு 25 சதுர மி.மீ., தாளின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மி.மீ., அந்தப் பிளாஸ்ரிக்கின் சார் மின்னுழைய மாறிலி (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் கொள்ளளவத்தை எத்தனை மடங்கு கூட்டும் என்ற எண்) 3 அளவில். பரப்பை அந்த மாறிலியாலும் வெற்றிடத்தின் மின்னுழைய மாறிலியாலும் பெருக்கித் தடிப்பால் பிரித்தால் 6.6 பிகோபரட் வருகிறது; பிகோபரட் என்பது கொள்ளளவத்தின் மிகச் சிறிய அலகு. அந்த மின்புலம் முழுக்க இரண்டு அலுமினியப் பட்டைகளுக்கும் நடுவில், தாளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. மேலே வைக்கிற விரலுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. விரலால் தொடக்கூடியது பட்டையின் ஓரங்களிலிருந்து வளைந்து மேலே எழும்பி மற்றப் பட்டையில் இறங்குகிற புலக்கோடுகளை மட்டும்தான். எங்களுக்கு வேண்டாதது மலையாகவும் வேண்டியது குன்றுமணியாகவும் இருந்தது.

அப்போதுதான் பெட்டியில் கிடந்த உடைந்த கிளாஸ்களுக்கு அர்த்தம் வந்தது. ஒன்றை மேசை லாம்புக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால், பூச்சின் வடிவம் மங்கலாகத் தெரியும்: நேர்ப்பட்டைகள் இல்லை, மூலைக்கு மூலை கோத்த சாய்சதுரங்கள். கடக்கிற இடத்தில் கோடு மெலிந்து ஒடுங்குகிறது. மற்ற இடமெல்லாம் விரிந்து, பக்கத்துச் சாய்சதுரத்தின் ஓரத்தோடு ஓரமாக நீளத்துக்கு ஓடுகிறது. வேண்டாத கொள்ளளவத்தைக் குறைத்து, விரலுக்கு எட்டுகிற கொள்ளளவத்தைக் கூட்டுவதற்கான வெட்டு அது. மட்டையில் ஒரு அச்சு வெட்டி, ரேப்பைச் சாய்சதுரங்களாகக் கத்தரித்து, கடவையில் 2 மி.மீ. அகலம் விட்டு மறுபடி ஒட்டினோம். கடவைக் கொள்ளளவம் 6.6 இலிருந்து 1 பிகோபரட்டுக்கு இறங்கியது. கத்தரிக்கோல் வேலை முழுவதும் மருமகளுடையது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

எங்களுடைய அலுமினியம் கண்ணுக்குத் தெரிகிறதே, போனில் எப்படி மறைகிறது என்று அக்கா கேட்டா. போனில் அந்த ஒட்சைட்டுப் பூச்சு. அதற்கு முன்னமும் ஒரு வழி இருந்தது: 1972இல் ஜெனீவாவில் சேர்ன் ஆய்வுகூடத்தின் எஸ்.பி.எஸ். துகள் முடுக்கிக்குக் கட்டுப்பாட்டு அறை திட்டமிட்டபோது, பென்ற் ஸ்ரும்பே என்ற பொறியியலாளர் கண்ணாடியில் செப்புக் கோடுகளை வைத்தே தொடுதிரை செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார். கோட்டின் அகலம் 80 மைக்ரோமீற்றர், இடைவெளியும் அவ்வளவே. அவ்வளவு மெல்லிசு என்றால் கண் விட்டுவிடும். கொள்ளளவத்தால் தொடுகையை அறிவது பற்றி இங்கிலாந்தின் மோல்வேர்னில் றேடார் ஆய்வு நிலையத்திலிருந்த ஈ. ஏ. ஜோன்சன் 1965இலேயே கட்டுரை எழுதிவிட்டார். ஆக, இது கைப்பேசிக்காகப் பிறந்த தொழில்நுட்பமே இல்லை.

இனி அளக்கிற வேலை. ஒரு பிகோபரட்டுக்கும் குறைந்த மாற்றத்தை 1023 வரை மட்டும் எண்ணத் தெரிந்த ஊனோவால் பிடிக்க முடியுமா? முடியும், தனிச் சில்லு எதுவும் வாங்காமலே. ஊனோவின் ஒவ்வொரு அனலொக் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 25 பிகோபரட் கொள்ளளவம் தன்பாட்டில் இருக்கிறது. சிப், போர்ட்டின் செப்புக் கோடு, சொக்கெற் எல்லாம் சேர்ந்து வருவது அது. வழமையாக அது ஒரு தொல்லை. இங்கே அதுதான் எங்கள் படிக்கல். அனுப்பும் கோட்டை 0 இலிருந்து 5 வோல்ற்றுக்குச் சடாரென்று உயர்த்தினால், கடவைக் கொள்ளளவியும் இந்த ஒளிந்திருக்கும் கொள்ளளவியும் தொடராக நின்று அந்த 5 வோல்ற்றைப் பங்கு போடும். கேட்கும் பட்டையின் சொந்தக் கொள்ளளவத்தையும் சேர்த்து அடிப்பக்கம் 40, சாய்சதுரங்களின் ஓரத்துக் கொள்ளளவத்தையும் சேர்த்துக் கடவை 3 பிகோபரட் என்று வைத்தால், அனலொக் முனையில் 0.35 வோல்ற். எண்ணில் 71. எங்கள் வாசிப்புகளும் அந்த அயலில்தான் வந்தன.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஊனோவின் உள்ளே மாதிரி பிடித்து வைக்கிற ஒரு கொள்ளளவி உண்டு. முந்தைய முனையில் அளந்த மின்னேற்றம் அதில் மிச்சம் இருக்கும். முனையைக் கிரவுண்டில் வைத்து ஒருமுறை வீணாக வாசித்து அதை வெறுமையாக்கிவிட்டுத்தான் துடிப்பு அனுப்ப வேண்டும். அதைச் செய்யாவிட்டால் ஒரு பட்டையின் கதையை அடுத்த பட்டை சொல்லும்.

மற்றது கரண்ட் இரைச்சல். கேட்கும் பட்டை அந்தரத்தில் தொங்குகிற ஒரு அன்ரனா. எங்கள் வீட்டுக் கரண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ரியூப் லைற், விசிறி, சுவருக்குள் ஓடும் வயர் எல்லாம் அதில் விழும். முதலில் வந்த எண்கள் 40க்கும் 110க்கும் இடையில் கூத்தாடின. 50 ஹேர்ட்ஸ் என்றால் ஒரு அலைக்கு 20 மில்லிசெக்கன். ஊனோவின் ஒரு வாசிப்பு 0.1 மில்லிசெக்கன் அளவில் முடிகிறது. துடிப்போடு ஒரு வாசிப்பு, உடனே துடிப்பில்லாமல் ஒரு வாசிப்பு, இரண்டையும் கழித்தால் மெதுவாக ஏறி இறங்குகிற கரண்ட் இரைச்சலில் பெரும்பகுதி கழிந்துபோகும். மிச்சத்தை, சரியாக 20 மில்லிசெக்கனுக்குள் பரப்பி எடுத்த வாசிப்புகளின் சராசரி விழுங்கிவிடும். எண் 71இல் வந்து அமர்ந்து, ஒன்று கூடக் குறைய என்ற அளவுக்கு அடங்கியது. போன் சிப்கள் இந்த வம்புக்கே போவதில்லை. நூறு கிலோஹேர்ட்ஸுக்கும் மேலான துடிப்புகளை அனுப்பி, அதே வேகத்தில் திரும்பி வருவதை மட்டும் கேட்கின்றன. அங்கே இரைச்சல் வந்தால் வேறு அதிர்வெண்ணுக்கு மாறிக்கொள்ளவும் அவற்றுக்குத் தெரியும்.

விரல் வைத்தோம். 71 இருந்த இடத்தில் 62.

"குறையுது மாமா! அப்ப சேர் பிழையோ?"

அதற்கும் ஒரு சோதனை வைத்தோம். இரண்டு கோடுகளுக்கு இடையில் அளப்பதை விட்டுவிட்டு, ஒரேயொரு பட்டையை எடுத்து 1 மெகாஓம் தடையி வழியாக மின்னேற்றி, நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எண்ணினோம். விரல் வைத்ததும் நேரம் நீண்டது. கொள்ளளவம் கூடுகிறது. சேரும் சரி.

ஒரு பட்டைக்கும் கிரவுண்டுக்கும் இடையிலான கொள்ளளவத்தில் விரல் கூட்டல்தான் செய்யும். உடம்பு உப்புத்தண்ணீர் நிறைந்த பெரிய கடத்தி; பட்டைக்கு எதிரே இன்னொரு தகடு வந்து நிற்பது மாதிரியான விளைவு. ஆனால் இரண்டு பட்டைகளுக்கு இடையில் ஓடுகிற புலத்தில் விரல் நடுவில் புகுந்து தன் பங்கைப் பறித்துக் கொள்கிறது. அனுப்புகிற பட்டையிலிருந்து கிளம்பிய புலக்கோடுகளில் சில, கேட்கிற பட்டைக்குப் போகாமல் விரலில் முடிந்துவிடும். அங்கே அளப்பவனுக்குக் குறைவுதான் தெரியும்.

இரண்டில் எது நல்லது என்றால், விரல் ஒன்றே ஒன்று என்றால் எதுவும் போதும். பட்டை பட்டையாக அளந்தால் எட்டு எண்களோடு வேலை முடியும். ஆனால் இரண்டு விரலைக் குறுக்காக வையுங்கோ: கிடையில் இரண்டு பட்டை கூடும், நிலைக்குத்தில் இரண்டு பட்டை கூடும். அவை சந்திக்கிற இடங்கள் நான்கு. அதில் எந்த இரண்டு உண்மை என்று சொல்ல வழியில்லை. கடவை கடவையாக 16 எண்களையும் அளந்தால் அந்தக் குழப்பமே இல்லை. அதனால்தான் இன்றைய போன்களில் கடவை முறை முதன்மையாக இருக்கிறது. பட்டை முறையும் பல சிப்களில் துணைக்கு நிற்கிறது.

லப்டொப்பின் சார்ஜர் வயரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓடவிட்டபோது இன்னொரு கூத்து. அதே விரல், அதே இடம், 9 குறைந்த எண் இப்போது 3 மட்டும் குறைந்தது. விரல் பறித்த மின்னேற்றம் எங்கேயாவது சுற்றிவந்து சுற்றின் கிரவுண்டில் சேர வேண்டும். சார்ஜர் இருந்தபோது அந்த வழி இருந்தது. இப்போது லப்டொப்பும் ஊனோவும் தனித்தீவு. மருமகளை மற்றக் கையால் யூஎஸ்பி கொனெக்டரின் உலோகக் கவசத்தைப் பிடிக்கச் சொன்னதும் எண் மறுபடி 62க்கு விழுந்தது. போனைக் கையில் பிடித்துத் தொடுவதும், மெத்தையில் போட்டுவிட்டு ஒற்றை விரலால் தொடுவதும் சிப்புக்கு ஒன்றில்லை என்பது இதில் நன்றாக விளங்கியது. இதுவரை நான் வாசித்த விளக்கப் படங்கள் எதிலும் இந்தத் திரும்பும் வழியைக் காட்டியதாக நினைவில்லை. விரலுக்குக் கீழே ஒரு கிரவுண்ட் குறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இதன் மறுபக்கம்தான் சார்ஜ் போட்டால் போன் தன்பாட்டில் ரைப் பண்ணுகிற வியாதி. மலிவான சார்ஜரிலிருந்து வரும் இரைச்சல் போன் முழுவதையும் சேர்த்து ஆட்டுகிறது. நீங்கள் தொடாதவரை திரைக்கு அது தெரியாது. தொட்டதும் விரல் வழியாக அந்த இரைச்சல் ஒரு கேட்கும் கோட்டுக்குள் நுழைகிறது, அந்தக் கோட்டில் எங்கெங்கோ தொட்டதாகத் தோன்றும். திருத்துகிற அண்ணையிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "ரச் தானா வேலை செய்யுது எண்டு வந்தா நான் முதல் கேக்கிறது, சார்ஜரிலையோ கையிலையோ எண்டுதான். பவர் பாங்கில போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்." புத்தகம் படிக்காமலே அவருக்கு அது கைவந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட நேரத்தைத் தின்றது ஒன்று உண்டு: தொடாத திரையின் எண் என்ன என்ற கேள்வி.

காலையில் 71. மத்தியானம் 75. மழை இருண்ட பின்னேரம் 68. ஒருவரும் கிட்டப் போகவில்லை. தாள் சூட்டில் விரியும், ஈரம் உறிஞ்சும், கிளிப் கொஞ்சம் நெகிழும். விரலின் பங்கே 9 தான் என்றால், 65க்குக் கீழே போனால் தொடுகை என்று ஒரு கோடு கிழித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. எங்கள் கிணற்று மட்டம் மாரிக்கு ஏறும் கோடைக்கு இறங்கும். யாரோ ஒரு வாளி அள்ளினார்களா என்று கண்டுபிடிக்க அன்றைய மட்டம் தெரிந்திருக்க வேண்டும். திரைக்கும் அப்படி அன்றன்றைய மட்டம் வேண்டும். ஒவ்வொரு கடவைக்கும் தனியாக.

அதனால் புரோகிராமில் 16 அடிமட்டங்களை வைத்தோம். ஒவ்வொரு சுற்றிலும் புதிய வாசிப்புக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் 64இல் ஒரு பங்கை அடிமட்டத்தோடு சேர்க்கிறோம். மெதுவான மாற்றம் அடிமட்டத்தில் கரைந்துபோகும். சட்டென்ற வீழ்ச்சி மட்டும் தொடுகையாக நிற்கும். ஆனால் விரலை எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தால், அடிமட்டம் மெல்ல மெல்ல இறங்கிவந்து விரலையே விழுங்கிவிடும். ஆகவே தொடுகை இருக்கும்வரை அடிமட்டத்தை உறையவைக்க வேண்டும். உறையவைத்தால் இன்னொரு சங்கடம்: போர்ட்டுக்குக் கரண்ட் கொடுக்கும்போதே கை திரையில் இருந்தால், கை வைத்த நிலையைத்தான் அது வெறும் திரை என்று பழகும். கையை எடுத்ததும் எல்லா எண்ணும் அடிமட்டத்துக்கு மேலே நிற்கும். அப்படி மேலே நின்றால் மட்டும் அடிமட்டம் விரைந்து ஏறலாம் என்று விதி வைத்தோம். 5 குறைந்தால் தொடுகை தொடங்கும், 3க்குள் திரும்பினால்தான் முடியும். ஒரே எண்ணை இரண்டுக்கும் வைத்தால் விளிம்பில் நின்று துடிக்கும்.

ஈரத் திரையோடு போனை எழுப்பினால் பைத்தியம் பிடிப்பதும், துடைத்துவிட்டுத் திரையை ஒருமுறை அணைத்துப் போட்டால் பல போன்களில் சரியாவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். சிப் புதிதாக அடிமட்டம் எடுக்கிறது.

ஈரம் என்றதும் பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது. குசினியிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு, கடவைக்கு மேலே: எண் குறையவில்லை, கூடியது. தண்ணீரின் மின்னுழைய மாறிலி 80 அளவில்; அதோடு எங்கள் சுண்ணக்கல் தண்ணீர் மின்னும் கடத்தும். ஆனால் அந்தச் சொட்டுக்குக் கிரவுண்டுக்குப் போக உடம்பு ஒன்றில்லை. பறித்துக்கொள்ள முடியாததால் இரண்டு சாய்சதுரத்துக்கும் பாலம் போடுகிறது. சொட்டை விரலால் தொட்டதும் எண் விழுந்தது, ஈரம் பரவிய அத்தனை கடவையிலும் சேர்ந்து விழுந்தது. உப்புக் கரைத்த தண்ணீரைப் படலமாகப் பூசிக் கையை ஓரத்தில் வைத்தால் திரை முழுக்க ஒரே விரல். பாசையூர்ப் பக்கம் கடலில் நின்று போனை எடுப்பவர்களின் பாடு எனக்கு அப்போதுதான் விளங்கியது. தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு ஒன்றுமே செய்யவில்லை. அதன் மாறிலி பிளாஸ்ரிக்கைப்போல 3 அளவில்தான். இதரை வாழைப்பழத்தைக் கையில் பிடித்துத் தொட்டால் விரல் மாதிரியே வேலை செய்தது. அதையே திரையில் தனியாகக் கிடத்தினால், கையில் பிடித்தபோது வந்ததில் பாதிகூட இல்லை. பழத்தை அக்காவின் மகன் சாப்பிட்டதால் அந்தச் சோதனை தொடரவில்லை.

இனி இடம் கண்டுபிடிப்பது. நான்கு பட்டை இருந்தால் நான்கு இடம்தான் தெரியும் என்று தோன்றும். ஒரு உதாரணம்: விரல் வைத்ததும் நான்கு நிலைக்குத்துப் பட்டைகளில் வந்த வீழ்ச்சி 1, 9, 6, 0. பட்டை எண்ணை வீழ்ச்சியால் பெருக்கிக் கூட்டினால் 37. வீழ்ச்சிகளின் கூட்டுத்தொகை 16. பிரித்தால் 2.31. விரல் இரண்டாம் பட்டையைத் தாண்டி, மூன்றாவதை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரம் போயிருக்கிறது. பட்டைகளுக்கு இடைத்தூரம் 20 மி.மீ. என்பதால் 6 மி.மீ. பெளதிகவியலில் திணிவு மையம் காண்கிற அதே கணக்கு என்று அவள் சொன்னாள். அதேதான்.

ஆனால் லப்டொப்பில் புள்ளியை ஓடவிட்டு, விரலால் நேர்கோடு கீறினால் படிக்கட்டு வந்தது. புள்ளி ஒரு பட்டையில் ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு அடுத்ததற்குத் தாவியது. கணக்கில் பிழை இல்லை; சாய்சதுரம் விரலைவிடப் பெரிசு. விரல் ஒரே சாய்சதுரத்துக்குள் அடங்கிவிட்டால் பக்கத்துப் பட்டைகளுக்குச் செய்தியே போகாது, சராசரி எடுக்க எதுவும் இருக்காது. பெருவிரலைப் படுக்கையாக வைத்து இழுத்தபோது கோடு வழுவழுப்பாக வந்தது. போன்களில் கோடுகளின் இடைத்தூரம் 5 மி.மீ. அயலில் இருப்பதன் காரணம் இதுதான்: ஒரு விரல்நுனி எப்போதும் இரண்டு மூன்று கோடுகளிலாவது படிய வேண்டும். அதைவிட நெருக்கினால் ஒவ்வொரு கடவையின் பங்கும் சிறுத்து இரைச்சலுக்குள் அமிழும், அளக்க வேண்டிய கடவைகளும் பெருகும். கத்தரிக்கோலால் 5 மி.மீ. சாய்சதுரம் வெட்ட மருமகள் மறுத்துவிட்டாள். நியாயம்தான்.

ரப்லெற்றுக்கு வருவோம். அன்ட்ரொயிட்டில் பில்ட் நம்பரை ஏழு தரம் தட்டினால் டெவலப்பர் தெரிவுகள் திறக்கும். அதற்குள் பொயின்ரர் லொக்கேஷன் என்று ஒன்று உண்டு. விரல் போன தடத்தைத் திரையிலேயே கீறிக்காட்டும். அதைப் போட்டுவிட்டுத் திரை முழுக்க மேலிருந்து கீழாக இழுத்தோம். இரண்டு இடத்தில் தடம் அறுந்தது. இரண்டும் ஓரத்துக்கு ஓரம் நேர்கோடு, அகலம் 5 மி.மீ. அளவில். இப்படி நேராக அறுந்தால் அது ஒரு கோட்டின் வியாதி: அந்தக் கோட்டுக்கான இணைப்பு எங்கேயோ போய்விட்டது. மென்பொருளை அழித்துப் போடுவதால் ஒன்றும் ஆகாது.

ஹெயார் ட்றையரால் ஓரத்தைச் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்ரிக் அட்டையால் பின்மூடியை நெம்பித் திறந்து, முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றினேன். அடுத்து ரச் சிப் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பல கருவிகளில் சிப் ரிபன் வாலிலேயே குந்தியிருக்கும். அப்படியானால் கொனெக்டர் வழியாக வருவது தரவுக் கோடுகளும் கரண்டும்தான், கொனெக்டர் பழுது என்றால் திரை முழுக்கச் சாகும், பட்டையாகச் சாகாது. இதில் சிப் பெரிய போர்ட்டில் இருந்தது. அதாவது ஒவ்வொரு கோடும் கொனெக்டரின் ஒவ்வொரு பல்லு வழியாகத்தான் போகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஓரத்துப் பற்களில் வெண்பச்சைப் பூஞ்சணம். கடல்காற்றோ, பையில் தண்ணீர்ப் போத்தல் சிந்தியதோ தெரியாது. ஐசோபுரொப்பைல் அல்ககோலில் மென்மையான தூரிகையைத் தோய்த்துத் துடைத்து, காயவிட்டு, ரிபனை மறுபடி அழுத்திப் பூட்டினேன்.

நடுப்பட்டை உயிர் பெற்றது. அடிப்பட்டை வரவில்லை. கண்ணாடியின் கீழ் மூலையில் மயிரளவு வெடிப்பு ஒன்று ஓரத்துக் கோடுகள் ஓடும் இடம்வரை போயிருக்கிறது. அங்கே அறுந்த பூச்சைத் திருத்த என்னிடம் வழியில்லை. ரச் கிளாஸ் தனியாகக் கழருகிற மாதிரி என்பதால் புதிது போடலாம், அண்ணை கொழும்புக்குச் சொல்லிவிட்டிருக்கிறார். அது வரும்வரை கீபோர்ட்டை மிதக்கும் நிலைக்கு மாற்றி, ஸ்பேஸ் பார் செத்த பட்டைக்கு மேலே வரும்படி தூக்கி வைத்திருக்கிறாள்.